களையென்று ஒதுக்கியவை

சென்ற மாதம் மாலைப் பூசை முடிந்ததும் எம் பங்கின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். உலகின் தலைசிறந்த நூறு திரைப்படங்கள் என்று யாரோ தொகுத்த பட்டியல் அது. "சாமி, இந்த நூறையும் பார்த்துவிட்டால் போதுமல்லவா? மற்றவை குப்பைதானே?" என்று கேட்டார். அருகில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "அந்த நூறுமே குப்பைதான் தம்பி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஒருவரையொருவர் மறுத்துவிட்டதாக இருவரும் எண்ணியிருப்பர். எனக்கோ இருவரும் ஒரே பிழையைச் செய்வதாகவே தோன்றியது. பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பெழுதிவிடுவதே அப்பிழை. ஒருவர் கையில் நூறு பெயர் கொண்ட சல்லடை. மற்றவர் கையில் ஓட்டையே இல்லாத சல்லடை. வேறுபாடு அவ்வளவுதான். இந்தச் சல்லடை மனப்பான்மை அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது என்பதே என் வழக்கு. இதற்குச் சாட்சியாக இரு நண்பர்களை அழைக்கிறேன்.

ஹென்றி லாங்லுவா 1914-இல், திருவெளிப்பாட்டு நூலில் நாம் வாசிக்கும் சிமிர்னா நகரில் பிறந்த பிரெஞ்சுக்காரர். ஜார்ஜ் ஃபிரான்ஜு அவரைவிட இரண்டு வயது மூத்தவர். திரைப்படப் பித்து இருவரையும் பாரிசில் நண்பர்களாக்கியது. 1934-இல் இருவரும் சேர்ந்து, அந்நகரின் சுரங்க ரயிலைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தனர். மறு ஆண்டு பழைய படங்களைத் திரையிட ஒரு சிறு கழகம் தொடங்கினர். 1936-இல் அதுவே 'சினிமாதெக் ஃபிரான்சேஸ்' என்னும் திரைப்படக் காப்பகமாக மலர்ந்தது. அப்போது லாங்லுவாவுக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை.

அக்காலச் சூழலை எண்ணிப் பாருங்கள். 1927-க்குப் பின் பேசும் படம் வந்துவிட்டது. மௌனப் படங்களைப் பார்க்க ஆள் இல்லை. முதலாளிகளுக்கு அவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழஞ்சரக்கு. படச்சுருளில் வெள்ளி உண்டு, உருக்கினால் காசு. எனவே உருக்கினார்கள். எஞ்சியவற்றுக்கும் பாதுகாப்பு இல்லை. 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. தீப்பற்றாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். முப்பது ஆண்டுகளாக மக்கள் சிரித்தும் அழுதும் பார்த்த ஒரு கலை, அதைப் படைத்தவர்களின் கண் முன்னே அழிந்துகொண்டிருந்தது.

அப்படிக் கண் முன்னே தம் படைப்பு அழியக் கண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் மெலியெஸ். நிலவுக்குப் பயணம் போவதை 1902-இலேயே திரையில் காட்டிய மாயக்காரர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவர், 1923-இல் கடன் சுமையும் மனக்கசப்பும் மிகுந்து தம் மூலச்சுருள்களைத் தாமே எரித்தார். பின்னர் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார். கடைசியில் ஓர்லியிலிருந்த கலைஞர் முதியோர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். லாங்லுவாவும் ஃபிரான்ஜுவும் அவரைத் தேடிச் சென்றனர். அந்த இல்லத்து வளாகத்தில் பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, தாங்கள் சேர்த்த படச்சுருள்களை அங்கே வைத்தனர். அதன் சாவியை மெலியெசிடம் கொடுத்தனர். தம் படங்களை எரித்த கையில் பிறர் படங்களைக் காக்கும் சாவி! 1938-இல் மெலியெஸ் இறந்தார். அவருடைய படங்களில் இருநூறு அளவில் இன்று மீண்டும் கிடைத்துள்ளன. தேடியவர்கள் இருந்ததால் கிடைத்தன.

இந்த நண்பர்களின் கொள்கை எளியது: எதையும் தள்ளாதே, கிடைப்பதையெல்லாம் சேர். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சொல்லும் தகுதி நம் தலைமுறைக்கு இல்லை. நமக்குப் பின் வருபவர்கள் சொல்லட்டும் என்றார் லாங்லுவா. கோதுமைக்கிடையே களை கண்ட பணியாளர்கள் பிடுங்கத் துடித்தபோது, அறுவடை வரை பொறுத்திருக்கச் சொன்ன நிலக்கிழாரின் உவமையை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். களையோடு கோதுமையும் போய்விடும் என்னும் அச்சமே அந்தப் பொறுமைக்குக் காரணம். லாங்லுவாவின் அச்சமும் அதுவே.

இனி எதிர்வழக்கைக் கேட்போம். அது வலுவற்றதன்று. எல்லாவற்றையும் காக்க எவரிடம் பணம் இருக்கிறது? இடம் எங்கே? லண்டனில் 1935-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட நூலகத்தின் காப்பாளர் எர்னஸ்ட் லிண்ட்கிரன் இவ்வழியில் சிந்தித்தவர். அங்கே குழு கூடித் தேர்ந்தெடுத்த படங்களே சேர்க்கப்பட்டன. ஒரே பிரதி உள்ள படத்தைத் திரையிட அவர் இசையமாட்டார். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சுருள் தேயும், கீறும் என்பது உண்மைதானே? லாங்லுவாவோ கையில் இருந்ததையெல்லாம் திரையிட்டார். ஒழுங்கான அட்டவணை வைத்துக்கொள்ளவில்லை. 1959-இல் அவருடைய காப்பகத்தில் தீ மூண்டு பல சுருள்கள் அழிந்தன. அவர் மறைந்தபின் 1980-இல் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் மீண்டும் ஒரு பெருந்தீ. இவற்றை நான் மறைக்கப்போவதில்லை. நல்ல நோக்கம் ஒழுங்கின்மைக்குச் சால்பாகாது. சேர்த்தவனே காக்கத் தவறினால் அதுவும் குற்றந்தான்.

ஆனால் இதனால் நிலைநாட்டப்படுவது என்ன? சேர்ப்பவனுக்குக் கவனம் வேண்டும் என்பதே தவிர, சேர்க்கவே கூடாது என்பதன்று. பணம் குறைவென்றால் வரிசைப்படுத்துங்கள், மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் அழியப்போகிறதோ அதை முதலில் காப்பாற்றும் வரிசையாக அது இருக்கட்டும். எது பெருமைக்குரியதென்று இன்று நமக்குத் தோன்றுகிறதோ அதை முதலில் வைக்கும் வரிசை வேண்டாம். வெள்ளம் வரும்போது வீட்டில் யாரை முதலில் தூக்குவோம்? பட்டம் பெற்ற மகனையா, தொட்டில் குழந்தையையா?

இரண்டாவது எதிர்வழக்கு நம் வீட்டிலிருந்தே எழுவது. தீய படங்கள் ஆன்மாவுக்குக் கேடு. அவற்றை ஏன் காக்க வேண்டும்? சினிமாதெக் தோன்றிய அதே 1936-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தம் சுற்றுமடலை வெளியிட்டார். படங்களைத் தரம் பிரித்து மக்களுக்குப் பட்டியல் தர வேண்டும் என்று அதில் ஆயர்களைத் தூண்டினார். ஒரு மேய்ப்பரின் கவலை அது. நல்ல படங்களால் விளையும் நன்மையையும் அவர் அதில் மறக்கவில்லை. குழந்தைக்கு எதைக் காட்டுவது என்று பெற்றோர் தேர்வதை நானும் குறை கூறேன். எனினும் இன்று யாருக்கு எதைக் காட்டுவது என்பது ஒரு கேள்வி. எது உலகில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் குழப்புகிறவர்களோடுதான் என் வழக்கு.

அதே திருச்சபையின் மற்றொரு பட்டியலைப் பாருங்கள். 1995-இல் திரைப்படத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 45 படங்களைப் போற்றி அறிவித்தது. சமயம், மானுட விழுமியம், கலை என்று மூன்று பிரிவு. பிரிவுக்குப் பதினைந்து படம். அவற்றுள் இரண்டின் வரலாற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜெர்மானிய இயக்குநர் முர்னோ 1922-இல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. இரத்தம் குடிக்கும் பிரபுவின் கதை. 'டிராகுலா' நாவலை உரிமை பெறாமல் தழுவியதால், நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளையெல்லாம் அழிக்குமாறு 1925-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணை முழுமையாக நிறைவேறியிருந்தால், எழுபது ஆண்டுகளுக்குப் பின் உரோமையில் போற்றுவதற்கு அப்படமே இருந்திராது. ஆணையை மீறித் தப்பிய பிரதிகள் அதை வாழவைத்தன. பிற்காலத்தில் அதைச் சீரமைத்தவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் சினிமாதெக்கில் இருந்த வண்ணச்சாயம் ஏற்றிய பிரதியும் ஒன்று.

மற்றொன்று, டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1928-இல் அளித்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்'. மூலச்சுருள் தீக்கிரையாயிற்று. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு ஒட்டிய, சிதைந்த வடிவங்களையே உலகம் நெடுங்காலம் பார்த்தது. 1981-இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் முழுமையான பிரதி ஒன்று கிடைத்தது. எவரும் தேர்ந்தெடுத்துக் காத்ததன்று. எவரும் தூக்கியெறியாததால் எஞ்சியது. டிரையர் 1968-இலேயே இறந்துவிட்டார், தம் படைப்பு எங்கோ ஓர் அலமாரியில் உயிரோடிருப்பதை அறியாமலே.

பட்டியல் வேண்டும் என்பாரை இப்போது கேட்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள பழைய படங்களை உங்களுக்காக யார் காத்தார்கள்? பட்டியல் போட மறுத்தவர்கள் காத்தார்கள். அல்லது அலமாரியைத் துப்புரவு செய்ய மறந்தவர்கள் காத்தார்கள். அவர்கள் விதைத்ததை அறுத்துக்கொண்டே அவர்களைப் பித்தர் என்று ஏசுவது நன்றியுள்ளோர் செயலா?

இனி ஃபிரான்ஜுவிடம் வருகிறேன். நண்பர் காப்பகத்தில் ஆழ்ந்தார். இவரோ படமெடுக்கப் போனார். 1949-இல் பாரிஸ் நகர இறைச்சிக்கூடங்களை 'விலங்குகளின் இரத்தம்' என்னும் சிறு ஆவணப்படமாகப் பதிவு செய்தார். நம் தட்டுக்கு வரும் உணவின் பின்னால் இருக்கும் மரணத்தைக் கண்ணை மூடாமல் பார்க்கச் சொல்லும் படம் அது. 1960-இல் 'முகமற்ற கண்கள்' வந்தது. விபத்தில் முகம் சிதைந்த மகளுக்காக, பிற பெண்களின் முகத்தோலை உரித்தெடுக்கும் அறுவை மருத்துவரின் கதை. அன்றைய விமர்சகர் பலர் அருவருத்து ஒதுக்கினர். அமெரிக்காவில் அதைக் குரலும் பெயரும் மாற்றி, மலிவான பேய்ப்படம் ஒன்றுடன் இணைத்து ஓட்டினார்கள். ஆனால் சிலர் அதை மறக்கவில்லை. 'கல்ட்' படம் என்று இன்று சொல்கிறோமே, ஒரு சிறு கூட்டம் பெருங்கூட்டத்தின் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் கைவிட மறுக்கும் படம், அதற்கு இது நல்ல சான்று. இன்று அது பிரெஞ்சுத் திரையின் செல்வங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. நான் அதைப் பார்த்தபோது, பேய்ப்படம் பார்த்த உணர்வு எனக்கு ஏற்படவில்லை. தன் பிள்ளைக்காக எதையும் செய்யலாம் என்று எண்ணும் அன்பு, பிறர் பிள்ளைகளை எவ்வளவு எளிதில் பலியிட்டுவிடும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன மறையுரையை நான் கேட்டதில்லை, நானும் ஆற்றியதில்லை.

அதே ஃபிரான்ஜு 1963-இல் 'ஜூதெக்ஸ்' எடுத்தார். லூயி ஃபூயாத் முதல் உலகப்போர்க் காலத்தில் எடுத்த தொடர்படத்தின் மறுவடிவம் அது. முகமூடி, மாறுவேடம், கடத்தல் என்று வாரந்தோறும் பாமரருக்கென ஓடிய தொடர்களைக் கற்றவர்கள் அன்று மதிக்கவில்லை. நண்பர்கள் இருவரும் மதித்தனர். ஒருவர் காத்தார், மற்றவர் அதிலிருந்து புதியது படைத்தார். ஒரு தலைமுறை தள்ளியது அடுத்த தலைமுறைக்கு எருவாயிற்று.

1948-இல் பாரிசின் மெஸ்ஸின் சாலையில் சினிமாதெக் திறந்த அரங்கில் அறுபது இருக்கைகளே. அங்கே வந்து உட்கார்ந்த இளைஞர்களுள் த்ரூஃபோ, கோதார், ரிவெத் ஆகியோர் அடங்குவர். அவர்களே பின்னர் 'புதிய அலை'யாக எழுந்தார்கள். 1968 பிப்ரவரியில் அரசு லாங்லுவாவைப் பொறுப்பிலிருந்து நீக்கியபோது அவர்கள் தெருவில் இறங்கினர். உலகின் பல இயக்குநர்கள் தங்கள் படங்களை அங்கே திரையிட அனுமதி மறுத்தனர். ஏப்ரலில் அவர் மீண்டும் பொறுப்பேற்றார்.

இது தொலைதூரக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர் (1933–2016), லாங்லுவாவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டவர். அவரும் நல்லது கெட்டது பாராமல் சேர்த்தவர்தாம். அவருக்கு முந்திய காலத்தில் அப்படி ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை. விளைவு என்ன? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் ஒரு பிரதியும் இல்லை. அது சிறந்த படமா, சாதாரணப் படமா? எவரும் சொல்ல முடியாது. நம் மொழி திரையில் முதன்முதலில் எப்படி ஒலித்தது என்று கேட்கும் பேற்றை நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுவைக்கவில்லை. எவரும் பகைத்து அழித்ததன்று. ஓடி முடிந்த பழைய படந்தானே என்று விட்டார்கள், போய்விட்டது.

ஆகவே அந்த இளைஞருக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒன்றே சொல்வேன். தம்பி, நூறோடு நிறுத்தாதீர்கள். பட்டியலில் இல்லாத ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் ஒன்றாவது பாருங்கள். ஐயா, பார்த்த பின் குப்பை என்று சொல்லுங்கள். நான் தலை வணங்கிக் கேட்பேன். இருவரும் தனித்தனியே பார்க்காமல் சேர்ந்து பாருங்கள். எனக்குப் பிடித்ததில் குறை காணும் நண்பன் பக்கத்தில் இருந்தால்தான் என் சல்லடையின் ஓட்டை எனக்குத் தெரியும். பங்கு மன்றத்தில் ஒளிபெருக்கி இருக்கிறது. அடுத்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மன்றத்தைத் திறந்து வைக்கிறேன். ஒரு படத்தைப் பெரியவர் தேரட்டும்; மறுவாரம் தம்பி தேரட்டும். முதல் படம் முடிந்ததும் நடக்கும் சண்டையைக் கேட்க நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.