அழுங்கு அழுங்குகின்றது

தென்னமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பேரெறும்புண்ணியைப் படத்திற் கண்டு வியக்கின்ற நம் மாணாக்கர், தம் ஈழநாட்டுக் காடுகளில் இரவில் இரைதேடும் அழுங்கினை அறியார். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் எழுத்துப்பிழையென எண்ணுவோரும் உளர். எறும்புதின்னி என்று விளக்கிய பின்னரே தெளிகின்றனர். சொல்லும் உயிரும் ஒருங்கே அருகுதல் கண்டு இதனை எழுதலானேன்.

இவ்விரு விலங்குகட்கும் பல் இல்லை. பசையுள்ள நீண்ட நாவும், புற்றைப் பிளக்கும் வலிய நகமும் உண்டு. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே. பேரெறும்புண்ணி அதனை முதுகிற் சுமக்கும். அழுங்கோ வாலின்மேல் ஏற்றிச் செல்லும். இத்துணை ஒத்தும் இவை உறவின அல்ல. அழுங்கிற்கு நெருங்கிய கிளை, நாயும் பூனையும் அடங்கிய ஊனுண்ணி இனமே என்பர் விலங்கியலார்.

பகை எதிர்ப்படுங்கால் இவற்றின் வேறுபாடு விளங்கும். பேரெறும்புண்ணி பின்கால்களில் எழுந்து நின்று பொரும். பிரேசில் நாட்டில் வேட்டையாடச் சென்றோர் இருவர் அதன் நகத்தாற் கிழியுண்டு மாண்டதை 2014இல் மருத்துவ இதழொன்று வெளியிட்டது. அழுங்கு யாரையும் தாக்காது, பந்துபோற் சுருண்டுவிடும். மலாய் மக்கள் 'சுருள்வது' என்னும் பொருள்பட இட்ட பெயரே ஆங்கிலத்திற் 'பங்கோலின்' ஆயிற்று. சிறுத்தையின் பல்லுக்கு அச்சுருள் போதும். மனிதனுடைய சாக்குப்பைக்கோ அதுவே வசதி!

அழுங்குச் செதிலை மோதிரமாக்கி அணிந்தால் மூலநோய் தீருமென்பார் நம்மிடையே உளர். அச்செதில் நம் விரல்நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளால் ஆயதே. நகத்தில் மருந்திருப்பின் நாவிதர் கடைக் குப்பையிலன்றோ நம் நோயெல்லாம் தீர்ந்திருக்கும்? நெடுங்காலம் அதனை மருந்தாகக் கொண்ட சீனமே 2020இல் தன் மருந்துநூற் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. நாம் இன்னும் மோதிரத்தை விட்டிலோம்.

சட்டம் இல்லையெனல் பொருந்தாது. 1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கையில் அழுங்கைக் கொல்லுதல் குற்றம். 2016இல் ஜொகன்னஸ்பேர்க்கிற் கூடிய பன்னாட்டு மாநாடு எண்வகை அழுங்குகளின் வணிகத்தையும் விலக்கியது. எனினும் நள்ளிரவில் வட்டை வாடியிலே காவலிருப்பானுக்குச் சட்டநூல் துணையிருப்பதில்லை. அவனுக்கு அழுங்கின் பயன் தெரிதல் வேண்டும். கூரைமரத்தையும் தென்னங்கன்றையும் அரிக்கும் கறையானுக்கு நஞ்சு வாங்கப் பணம் செலவிடுகின்றோம். கூலியின்றி அதனைத் தின்பதைப் பிடித்து விற்கின்றோம். இது யாது கணக்கு? அன்றியும், அதனைக் கூட்டிலடைத்து வளர்த்தலும் அருமை. உணவு கொள்ளாது, அச்சத்தாலே பெரும்பாலும் மடியும். கண்டார் தொடாது விட்டுவிடுதலே முறை. காயமுற்றதாயின் வனசீவராசிகள் திணைக்களத்தார்க்கு அறிவித்தல் வேண்டும்.

'அழுங்குதல்' என்னும் வினை வருந்துதலைக் குறிக்கும். பெயர்க்கும் வினைக்கும் வேர் ஒன்றெனக் கூறத் துணியேன். தலைப்பிற்குப் பயன்பட்டது, அவ்வளவே. தமிழாசிரியர்கள் இச்சொல்லைக் கட்டுரைப் பொருளாக வகுப்பிற் கொடுப்பாராக. யான் கொடுத்தபோது சவளக்கடை மாணவனொருவன் தன் பாட்டனாரைக் கேட்டு எழுதி வந்தான். சிங்களத்தில் அது 'கபல்லேவா' எனப்படுவதையும், சுருண்ட அழுங்கின் அருகே செவி வைத்தாற் சீறும் மூச்சொலி கேட்கும் என்பதையும் அவன் குறித்திருந்தான்.