புற்றுநோய் வலிக்கு அக்குபஞ்சர்: ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது?

புற்றுநோய் முற்றிய நிலை. ஒரு பக்கம் கீமோ, இன்னொரு பக்கம் ராத்திரியெல்லாம் தூங்கவிடாத வலி. அந்த நேரத்தில் சொந்தக்காரர் யாராவது வந்து, "அக்குபஞ்சர் பண்ணிப் பாருங்களேன்" என்று சொல்வது பல வீடுகளில் நடப்பதுதான். இதில் விஷயம் இருக்கா, இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எதற்கு என்பதில்தான் குழப்பமே.

ஊசி கட்டியைக் கரைக்குமா?

கரைக்காது. முடி போன்ற மெல்லிய ஊசிகள் நரம்புகளைத் தூண்டி, எண்டார்பின் போன்ற வலி குறைக்கும் பொருட்களை உடலே சுரக்கச் செய்கின்றன என்பதுதான் மருத்துவ உலகம் தரும் விளக்கம். ஆக, பேச்சு வலியைப் பற்றியது மட்டுமே.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மைய ஆய்வாளர்கள் 2023-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முற்றிய புற்றுநோயோடும் வலியோடும் வாழ்கிற 298 பேரில் ஒரு பிரிவுக்கு அக்குபஞ்சர், இன்னொரு பிரிவுக்கு மசாஜ். 10 வாரம் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை. 26 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலுமே வலி குறைந்திருந்தது. எது மேல் என்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

நல்ல சேதிதான். ஆனால் இரண்டுமே இல்லாத மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் கிடையாது. குறைந்த வலியில் ஊசியின் பங்கு எவ்வளவு, வாராவாரம் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரையால் மூட்டுவலி வந்த 226 பெண்களில் சிலருக்கு உண்மையான அக்குபஞ்சர், சிலருக்குப் பெயரளவுக்குப் போலி அக்குபஞ்சர், சிலருக்கு எதுவும் இல்லை. உண்மையான ஊசிதான் ஜெயித்தது. ஆனால் 10 புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவான வித்தியாசத்தில்!

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோவின் 2022 வழிகாட்டுதல், பொதுவான புற்றுநோய் வலிக்கு அக்குபஞ்சர் "தரலாம்" என்கிறது. "தர வேண்டும்" என்று சொல்லவில்லை.

ஆபத்து எங்கே?

ஆபத்து ஊசியில் குறைவு. தட்டணுக்களோ வெள்ளை அணுக்களோ ரொம்பக் குறைந்திருந்தால் ரத்தக்கசிவு, தொற்று வரலாம். கட்டி இருக்கும் இடத்திலும், அறுவை சிகிச்சைக்குப் பின் வீங்கிய கையிலும் குத்தாமல் தவிர்ப்பது வழக்கம்.

பெரிய ஆபத்து "கூடவே" என்பது "பதிலாக" என்று மாறும்போதுதான். பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க" என்று சொல்பவர்களும் அக்குபஞ்சர் என்ற பெயரிலேயே இயங்குகிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் இந்த முறையைச் சோதிக்கவில்லை. அவற்றில் யாரையும் மருந்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

முற்றிய நோயில் நிறுத்தப்படும் மாத்திரை மார்பினாகவும் இருக்கலாம். ஏற்கெனவே "மார்பின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்ற பயம் வீட்டில் இருக்கும். சரியான அளவில், டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலி மொத்தமாகத் திரும்பும். கூடவே நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு.

அக்குபஞ்சர் வேண்டும் என்று நோயாளியே கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். உட்காரவே முடியாதவரை வாராவாரம் பஸ்ஸில் கூட்டிப் போகத்தான் வேண்டுமா என்பதை மட்டும் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.