பொது வெந்நீருக்கு வீட்டுக் கட்டணமே நியாயம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு அடுக்குமாடிகளில், கட்டிய காலத்தில் மொட்டைமாடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக வைத்த சோலார் வெந்நீர் அமைப்புகள் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. தொட்டி ஒழுகுகிறது, கண்ணாடிக் குழாய்கள் விரிசல் விட்டிருக்கின்றன. சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தால், பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அவரவர் வீட்டில் கெய்சர் மாட்டிக்கொள்ளலாம் என்பதே சுலபமான முடிவாகத் தோன்றும். அது தவறான முடிவு. ஆனால் அதற்காகக் குடியிருப்போரை மட்டும் குறைசொல்ல முடியாது. அந்தப் பக்கம் அவர்களைத் தள்ளுவது மின்கட்டண விதி.

நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் காய்ச்ச, கெய்சருக்கு ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் வேண்டும். தினமும் காய்ச்சும் குடும்பத்துக்கு இரண்டு மாத பில்லில் இதுவே 170 யூனிட்டைத் தாண்டும். அதே வேலையை மொட்டைமாடியில் ஒரு ஹீட் பம்ப் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் முடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்யும் இயந்திரம் அது. வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. பழைய எரிவாயு பாய்லர்களைக் கழற்றிவிட்டு ஐரோப்பிய நகரங்கள் இதை உறைபனிக் காலத்திலும் ஓட்டுகின்றன. மார்கழி விடியலில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னைக் காற்றில் அது இன்னும் லகுவாக ஓடும். வெயில் நாட்களில் சோலார், ஐப்பசி கார்த்திகை மழை மூட்டத்தில் ஹீட் பம்ப் என்று இரண்டையும் சேர்த்துப் புதுப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கேதான் கட்டணம் குறுக்கே வருகிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த படி 2 ரூபாய் சொச்சம். 2022-ல் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனி வகை உருவாக்கி, யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். பிறகு அதுவும் ஏறியது. பொது ஹீட் பம்ப் இந்தக் கட்டணத்தில் ஓட வேண்டியிருப்பதால், சிக்கனமாக இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மும்மடங்கு மின்சாரம் தின்னும் கெய்சரே மலிவாகப் படுகிறது. நாட்டுக்கு நட்டமான வழி, வீட்டுக் கணக்கில் லாபமாகிறது. எதிர்ப்பு எழுந்தபின் 2023-ல், பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். மூட்டுவலியுள்ள மூத்தவர்களுக்காக லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வெந்நீர் என்ன, வாசல் அலங்கார விளக்கா? குழந்தையைக் குளிப்பாட்டவும் நோயாளியைத் துடைக்கவும் வேண்டிய வீட்டுத் தேவை அது. பொதுத் தொட்டியில் காய்ந்தது என்பதற்காக அதன் தன்மை மாறிவிடாது.

சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. பழைய அமைப்புகள் பல கெட்டது சூரியனால் அல்ல, போர் தண்ணீரால். உப்பு படிந்து குழாய் அடைபடுகிறது, தொட்டி அரிக்கிறது. புதிது வாங்கும்போது போர் தண்ணீர் நேராகக் குழாய்க்குள் போகாதபடி வெப்பமாற்றி உள்ள வகையைக் கேட்க வேண்டும். தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் மக்னீசியக் கம்பியைக் காலத்தே மாற்ற வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் குழாய்க்கு உறை சுற்றாமல் விட்டால் கீழ்த்தள வீட்டில் சூடு வருவதற்குள் ஒரு வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஊரில் அது பெரிய இழப்பு. ஆறிய நீரைத் தொட்டிக்கே திருப்பும் ரிட்டர்ன் லைன் இருந்தால் அது மிச்சமாகும். வீட்டுக்கு வீடு வெந்நீர் மீட்டர் வைத்துவிட்டால் யார் எவ்வளவு பிடித்தார் என்ற சண்டையும் இருக்காது.

கர்நாடகத்தில் சோலார் வெந்நீர் வைத்திருக்கும் வீடுகளுக்கு யூனிட்டுக்கு 50 காசு தள்ளுபடியை மின் விநியோக நிறுவனங்கள் நெடுங்காலம் கொடுத்துவந்தன. நாம் கேட்பது தள்ளுபடிகூட அல்ல. பொது வெந்நீர் அமைப்புக்குத் தனி மீட்டர் பொருத்தி, அதில் ஓடும் யூனிட்டை வீடுகளுக்குப் பங்கிட்டு, வீட்டுக் கட்டணப் படியிலேயே கணக்கிட வேண்டும். அடுத்த கட்டண ஆணைக்கு முன்பே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதைச் செய்யலாம். ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் நாளில், தென் சென்னைச் சங்கங்கள் தங்கள் பொது மீட்டர் பில்லையும் நான்கைந்து வீட்டு பில்களையும் கையில் எடுத்துக்கொண்டு போய் இந்தக் கணக்கை நேரில் வைக்க வேண்டும்.