இரட்டை பேட்டரிக்கு எத்தனை மார்க்?



சட்டைப் பையில் அடங்குகிற, இரண்டு பேட்டரி போட்ட 'வேப்' கருவியைப் பற்றி நம் மாணவர்களிடையே கொஞ்ச நாளாகப் பேச்சு பலமாக அடிபடுகிறது. "ஒத்தை பேட்டரி மட்டம்டா, ரெட்டை பேட்டரிதான் கெத்து" என்கிறான் ஒருவன். "கைக்கு அடக்கமா இருக்கு, நாள் பூரா சார்ஜ் நிக்குமாம்" என்கிறான் இன்னொருவன். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. நாமெல்லாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று சொல்ல விற்கிறவன் வாய்தான் வேண்டுமா? நம் பாடப்புத்தகம் போதாதா? தலைப்புக்கு 20 மார்க், ஐந்து தலைப்புக்கு 100 மார்க். போட்டுத்தான் பார்ப்போமே!

முதல் தலைப்பு மின்சுற்று. இந்த வகைக் கருவிகளில் பலவற்றில் இருப்பது 18650 என்ற லித்தியம் அயனி செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். முழு சார்ஜில் 4.2 வோல்ட். உள்ளே திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி வகுத்தால் 21 ஆம்பியர். திறன் 88 வாட்! நம் லேபில் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. இத்தனை மின்னோட்டத்தை ஒரே செல்லிடம் கேட்டால் அது திணறும், சூடாகும். இரண்டு செல்லைப் பக்க இணைப்பில் போட்டால் ஆளுக்கு 10.5 ஆம்பியர். ஆக, இரட்டை பேட்டரி என்பது வெறும் பகட்டு இல்லை. சுமையைப் பங்கு போடுகிற நல்ல யோசனைதான். நியாயமாக 15 மார்க் கொடுக்கலாம்.

மீதி 5 மார்க் ஏன் குறைந்தது? இரண்டு மாடும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் ஏர் நேராக ஓடும். ஒரு செல் புதுசு, ஒரு செல் பழசு என்றால் பக்க இணைப்பில் நிறைந்தது குறைந்ததற்குள் மின்சாரத்தைத் தள்ளும். தொடர் இணைப்பு என்றால் சோர்ந்த செல் அளவுக்கு மீறி வடிந்துபோகும். ஒன்றைத் தலைகீழாகச் செருகினாலோ பக்க இணைப்பில் நேரடி ஷார்ட் சர்க்யூட்!

இரண்டாவது தலைப்பு உடலமைப்பு. 'கைக்கு அடக்கம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சூடு வெளியேற இடம் வேண்டும். லித்தியம் செல் உள்ளுக்குள் பழுதானால் தன் சூட்டிலேயே மேலும் சூடாகி வாயுவைக் கக்கும். அந்த வாயுவுக்கு வழி வேண்டும். வெடிக்குப் பேர்போன வலங்கைமான்காரர்களுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? மருந்து ஒன்றுதான். திறந்து வைத்துக் கொளுத்தினால் புஸ்ஸென்று போகிறது. இறுக்கிக் கட்டினால்தான் வெடிக்கிறது. உதிரி செல்லைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போட்டுக்கொள்வது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். 5 மார்க்.

மூன்றாவது, உள்ளே ஊற்றும் திரவம். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிகோட்டின். இதில் நிகோட்டின்தான் முதலாளி, மற்றதெல்லாம் வேலைக்காரர்கள். பழக்கத்தை உண்டாக்குவது அதுதான். புட்டியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று யார் சொன்னது? 2019-ல் அமெரிக்காவில் ஆவி இழுத்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த திரவம். அதில் சேர்த்திருந்த வைட்டமின் இ அசிடேட்டே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். பேட்டரி இரண்டு இருந்தும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது! 0 மார்க்.

நான்காவது, நம்பகம். மின்னணு சிகரெட்டை 2019-லேயே இந்தியா தடை செய்துவிட்டது. விற்பவருக்கு முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. "ரெண்டு வாங்கி ஒண்ணை உனக்குத் தர்றேன், காசு மட்டும் கொடு" என்று கைமாற்றுகிற நண்பனும் யோசிக்கட்டும். "தடை போட்டதாலதானே திருட்டுச் சரக்கு வருது?" என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் இன்று நம் கைக்கு வருவது அந்தச் சரக்குதானே? பில் கிடையாது, வாரண்டி கிடையாது, பழைய செல்லுக்குப் புது உறை மாட்டியிருந்தால் கேட்க நாதி கிடையாது. 0 மார்க்.

ஐந்தாவதுதான் முக்கியம். எதற்காக இந்தக் கருவி? இன்றைய வடிவத்தை 2003-ல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே சிகரெட் பழக்கத்தோடு போராடியவர். சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு இது தீமை குறைந்த மாற்று என்று இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை சொல்வதும் உண்மை. அது அவர்கள் கணக்கு. புகையே தொடாத பதினெட்டு வயதுப் பையன் எதிலிருந்து மாற வேண்டும்? பிழைத்து எழுந்தவர்கள் பங்குனியில் பாடையில் படுத்து மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துகிற ஊர் இது. இங்கே போய் நோயைக் காசு கொடுத்து வாங்குவதா? 0 மார்க்.

கூட்டினால் 20. நாம் எடுத்தால் அரியர்தான்!

என் அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் யாருக்கும் தெரியாது. பீடிக்கட்டில் அச்சடித்த எச்சரிக்கையை அப்பா வாசித்ததே இல்லை. 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு நியாயம் இருக்கிறது. எனக்கு இருக்கிறதா? தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதாமாதம் 1,000 ரூபாய் வாங்குகிற நம்மில் பலருக்கு இருக்கிறதா? அந்தப் பணம் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் வந்த பணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தடை வந்த அதே 2019-ல்தான் லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செல் மேல் குற்றமில்லை. அதே இரண்டு செல்லை வைத்து, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற அப்பாக்களுக்கு நல்ல டார்ச் விளக்கு ஒன்றை நாமே செய்யலாமே?

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கை. ஒன்று, பழைய லித்தியம் செல்களைப் பத்திரமாகச் சேகரிக்க லேப் வாசலில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். இரண்டு, ஏற்கெனவே பழக்கத்தில் மாட்டிக்கொண்ட நண்பனைக் காட்டிக்கொடுக்காமல், கேலி பண்ணாமல், 1800-112-356 என்ற புகையிலை விடுப்பு இலவச எண்ணை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். எழுதும் வேலையை நானே செய்கிறேன்.

— இரண்டாமாண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை