பாட்டு கேட்கப் போனவர்கள் பட்ட பாடு! கோளாறு மேடையில் இல்லை, வாசலில்!

(நமது நிருபர்)

டிக்கெட் கையில் இருக்கிறது. பணம் கட்டியாகி விட்டது. ஆனால் உள்ளே போக வழி இல்லை!

2023-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூரில் நடந்த கூத்து இது. ஏ.ஆர்.ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" கச்சேரி. ஆகஸ்டு 12-ந் தேதி நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப் போனது. ஒரு மாசம் காத்திருந்த ஜனம் அன்றைக்கு மொத்தமாகத் திரண்டு விட்டது.

அப்புறம் நடந்ததை ஊரே அறியும். ரோடு அடைத்துக் கொண்டது. முதல்-அமைச்சரின் கார் வரிசையே நெரிசலில் சிக்கியது. பிள்ளைகளைத் தவற விட்டுத் தேடினவர்கள், கூட்டத்தில் சில்மிஷம் செய்தார்கள் என்று குமுறிய பெண்கள், பாதி வழியில் வண்டியைத் திருப்பிக் கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் என்று ஏக களேபரம். விலை கூடிய டிக்கெட் வாங்கினவர்களுக்கே நாற்காலி கிடைக்கவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம், வெளியே அழுகைச் சத்தம்!

20 ஆயிரம் பேருக்கு என்று அனுமதி வாங்கி விட்டு, அதற்கு மேல் டிக்கெட் விற்று விட்டார்கள் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. நடத்தின கம்பெனி மீது வழக்குப் பதிவானது. பெரிய போலீஸ் அதிகாரிகள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்கள். ரகுமானோ, நானே பலிகடாவாக இருந்து விட்டுப் போகிறேன் என்ற தோரணையில் எழுதி, இடம் கிடைக்காதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டுக் கொண்டார்.

அதோடு கச்சேரிகள் குறைந்து போயினவா? எங்கே! கூடித்தான் இருக்கின்றன. 2024 ஜூலையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் இளையராஜா. அதே மாசம் அதே மைதானத்தில் அவர் மகன் யுவன். 2025 பிப்ரவரி 5-ந் தேதி அதே மைதானத்தில் வெள்ளைக்காரப் பாடகர் எட் ஷீரன். நடுவில் ரகுமானும் மேடை ஏறினார். 2025 ஆகஸ்டு 23-ந் தேதி கல்பாக்கம் தாண்டிக் கூவத்தூரில் அனிருத். இது போகக் கானா, ராப், ராக், பறை, மார்கழிக் கச்சேரி. சென்னைக்காரன் காதுக்குப் பஞ்சம் இல்லை.

பணம் மேடைக்கு வந்த கதை

ஏன் திடீரென்று இவ்வளவு கச்சேரி? ரசனை கூடி விட்டதா? அதுவும் இருக்கலாம். ஆனால் இந்த நிருபர் கணக்கு வழக்கைப் பார்க்கிறவன்.

முன்னெல்லாம் படம் வந்தால் இசைத்தட்டு விற்கும், கேசட் விற்கும். இன்றைக்கு யார் காசு கொடுத்து ஒரு பாட்டை வாங்குகிறார்கள்? செல்போனில் விரலைத் தட்டினால் வந்து விடுகிறது. பாட்டு கோடிப் பேரிடம் போகும், பாடினவன் பையில் விழுவது சில்லறைதான். "எஞ்சாயி எஞ்சாமி" பாட்டு 2021-ல் வந்தது. அறிவு, தீ இருவரும் பாடி உலகமே கேட்டது. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொல்லி விட்டார்.

ஆகவே பாடுகிறவர்களுக்கு நம்பிக்கையான வருமானம் மேடைதான். மேடை என்றால் டிக்கெட். டிக்கெட் என்றால் தலைகள். எத்தனை தலையோ அத்தனை லாபம். கோளாறு ஆரம்பிக்கிற இடம் இதுதான். பாட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. நாற்காலி அப்படி இல்லையே! ஒரு நாற்காலியில் ஒருத்தர்தான் உட்கார முடியும்.

ஒரு வாசலுக்கு எத்தனை பேர்?

இந்த நிருபருக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கச்சேரி என்றால் கேட்டுக்கு வெளியே நிற்பதுதான் பிழைப்பு. நின்று பார்த்ததில் ஒன்று புரிந்தது. டிக்கெட் எத்தனை விற்றது என்று எல்லோரும் கேட்கிறார்கள், வாசல் எத்தனை என்று ஒருவரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் விளையாட்டு மைதானங்களுக்கு "பச்சைக் கையேடு" என்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒரு சுழல் கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போகிறதாகக் கணக்குப் போடாதே என்பது அதில் உள்ள விதி. கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 20 ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழைந்தால் 30 மணி நேரம் ஆகும்! இரண்டு மணி நேரத்தில் உள்ளே தள்ள வேண்டுமானால் 16 வாசல் வேண்டும். 40 ஆயிரம் என்றால் 31.

அதுவும் மடமடவென்று நடந்து போனால். நம்ம ஊரில் பையைத் திறந்து காட்ட வேண்டும், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் கொள்வார்கள், செல்போனில் டிக்கெட் தெரியாது, சிக்னல் கிடைக்காது. "சார், இப்பத்தான் சார் இருந்தது!" என்று ஒருவர் போனைத் தட்டிக் கொண்டிருப்பார். பின்னால் 200 பேர். (ஒரு கச்சேரி, பேர் வேண்டாம். வாசலில் பாட்டிலைப் பிடுங்கினார்கள். உள்ளே போனால் அதே பாட்டில் இரண்டு பங்கு விலை!) வேகம் பாதியாகக் குறைந்தது என்றால் வாசல் இரண்டு மடங்கு வேண்டும்.

வாசல் பத்தவில்லை என்றால் வெறும் எரிச்சலோடு போகிறதா? உயிரே போகும்.

2023 நவம்பர் 25-ந் தேதி கொச்சிப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விழாக் கச்சேரி. திறந்தவெளி அரங்கு, உள்ளே போக ஒரே வாசல், வாசலைத் தாண்டினதும் கீழே இறங்கும் படிக்கட்டு. மழை பிடித்தது. வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி உள்ளே பாய்ந்தார்கள். படியில் விழுந்தவர்கள் மேல் அடுத்தவர்கள் விழ, 4 பேர் மாண்டு போனார்கள். கச்சேரி அப்போது தொடங்கவே இல்லை.

இது புதுக் கதையும் இல்லை. 1979 டிசம்பர் 3-ந் தேதி அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம். "தி ஹூ" என்ற ராக் கோஷ்டியின் கச்சேரி. நம்பர் போடாத சீட்டு, முந்தினவனுக்கு முன் இடம். கதவு திறந்ததோ சிலதுதான். உள்ளிருந்து சத்தம் கேட்டதும் கச்சேரி ஆரம்பித்து விட்டது என்று கூட்டம் தள்ளியது. 11 பேர் பலி. மேடையில் இருந்தவர்களுக்குக் கச்சேரி முடிகிற வரை விஷயமே தெரியாது. அந்த நகரம் அப்புறம் நம்பர் இல்லாத சீட்டுக்கே தடை போட்டது.

பாட்டுக் கூட்டம் என்று இல்லை. 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூர் கிரிக்கெட் மைதானத்து வாசல்களில் 11 பேர். அதுவும் வாசல்தான்.

நெரிசலில் சாகிறவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்றபடியே மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் ஆறேழு பேர் அடைந்து விட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலை அடிக்க ஆரம்பித்து விடும். நம் கால் நம் பேச்சைக் கேட்காது. முன்னால் இருப்பவன் கத்துவது பின்னால் தள்ளுகிறவன் காதில் விழாது. அவனை முரடன் என்று திட்டியும் பயன் இல்லை, அவனுக்குத் தெரியாது.

சபாவில் ஏன் இல்லை?

மயிலாப்பூர்ப் பக்கம் மார்கழியில் போய்ப் பாருங்கள். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத விழா, 1928-ல் மியூசிக் அகாடமி என்று கிளம்பிய வழக்கம். அங்கேயும் கூட்டம்தான். பிரபல வித்துவான் என்றால் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், பாடகருக்குப் பின்னால் மாமாக்கள் வரிசை! ஆனால் யாரும் நசுங்கிச் சாகவில்லை.

சபாக்காரர்கள் சாதுக்கள் என்பதாலா? கேண்டீனில் தோசைக்கு முண்டியடிப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. காரணம் வேறு. அகாடமி அரங்கில் சுமார் 1,600 இருக்கைதான். சீட்டில் நம்பர் உண்டு. காலையில் ஒரு கச்சேரி, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நாள் பூராவும் ஜனம் வந்து போய்க் கொண்டே இருக்கும். ஒரே அடியாக வந்து மோதுவதில்லை. ஊர் முழுக்க ஏகப்பட்ட சபா வேறு.

அது காசு உள்ளவர்கள் கேட்கிற சங்கீதம் என்று தள்ளி விட வேண்டாம். 2007-ல் தொடங்கி நடுவில் நின்று, 2023 பொங்கலுக்குத் திரும்பவும் வந்ததே சென்னை சங்கமம், அது முழுக்க இனாம். பறை, கரகம், நையாண்டி மேளம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரே மேடை இல்லை. பார்க், மைதானம், கடற்கரை என்று ஊர் முழுக்கப் பிரித்து வைத்தார்கள். ஐஸ் அவுஸ்காரர் தன் பேட்டையிலேயே பார்த்து விட்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

இனாம் ஆட்களையும் டிக்கெட் ஆட்களையும் ஒரே மைதானத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 2024 பிப்ரவரி 9-ந் தேதி முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரி. முன்னால் காசு கட்டினவர்கள், பின்னால் இனாம், நடுவே தடுப்பு. அவ்வளவு ஜனத்துக்கு அந்தத் தடுப்பு எம்மாத்திரம்? பிய்த்துக் கொண்டு வந்து விட்டார்கள். கச்சேரி நடுவில் தடைப்பட்டது.

ரோடு ஒன்று, கார் ஆயிரம்

இடம் நன்றாக இருந்தால் போதாது. போகிற வழி? நந்தனம் மைதானத்தின் பெரிய சவுகரியம் மேடையோ புல்தரையோ இல்லை. பக்கத்தில் மெட்ரோ ஸ்டேஷன்! 2024-ல் அங்கே நடந்த கச்சேரிகளுக்குக் கச்சேரி டிக்கெட்டோடு மெட்ரோ பயணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். காரை வீட்டில் விட்டு விட்டு ரயிலில் வா என்று அர்த்தம். நல்ல யோசனை.

பனையூரில் ரயில் இல்லை. ஒரே ரோடு. மீன் வாங்கப் போகிறவரும் அதில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் அதில்தான். கச்சேரிக்கு வந்தவர்களுக்காவது பாட்டு கிடைத்திருக்கும். அந்த ஊர்க்காரருக்கு என்ன கிடைத்தது? புகை!

அனிருத் கச்சேரி முதலில் திருவிடந்தையில், 2025 ஜூலை 26-ந் தேதி என்று இருந்தது. வாங்க நினைக்கிற கூட்டத்துக்கு இடம் பத்தாது என்று ஒத்தி வைத்து, அப்புறம் கூவத்தூருக்கு மாற்றினார்கள். விற்று விட்டு விழிப்பதை விட, முன்கூட்டியே "இடம் பத்தாது" என்று ஒப்புக் கொண்டது நல்ல காரியம்தான். ஆனால் கூவத்தூர் எங்கே, கொருக்குப்பேட்டை எங்கே! அங்கேயும் பாதுகாப்பு பத்தாது என்று செய்யூர் எம்.எல்.ஏ. ஐகோர்ட்டு வரை போனார். கோர்ட்டு தடை விதிக்கவில்லை.

வரி வாங்குகிறவர்கள்

இன்னொரு விஷயம். 500 ரூபாய்க்கு மேற்பட்ட கச்சேரி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். 2024 டிசம்பரில் சட்டசபையில் நிறைவேறிய திருத்தத்தின்படி, கட்டணக் கச்சேரிகளுக்கு உள்ளாட்சிகள் 10 சதவிகிதம் கேளிக்கை வரி வாங்கலாம். ஒரு குமாஸ்தா வீட்டில் நாலு பேர், தலைக்கு 2 ஆயிரம் ரூபாய் என்றால் 8 ஆயிரம். அதில் சர்க்காருக்கும் பங்கு போகிறது. பங்கு வாங்குகிறவர்களுக்குப் பொறுப்பிலும் பங்கு உண்டு அல்லவா? டிக்கெட் விற்பனைக்கு வைக்கும் முன்பே, இந்த மைதானத்தில் எத்தனை நாற்காலி, எத்தனை வாசல், எத்தனை வண்டி நிற்க இடம் என்று அளந்து ஒரு பலகையில் எழுதிப் போட எவ்வளவு செலவாகும்? சினிமா தியேட்டருக்குக் கூடத்தானே சீட்டை எண்ணி லைசென்ஸ் கொடுக்கிறார்கள்!

அனுமதிக் கடிதத்தில் என்ன எண்ணிக்கை இருக்கிறது என்பது நடத்துகிறவருக்கும் போலீசுக்கும் மட்டும் தெரிகிறது. காசு கட்டுகிறவனுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் பனையூருக்குப் போனவர்களில் பாதிப் பேர் டிக்கெட் வாங்கும் முன்பே யோசித்திருப்பார்கள்.

டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். போனில் புகார் சொல்ல 1915. டிக்கெட்டையும் பணம் கட்டின ரசீதையும் போனிலிருந்து அழித்து விடாதீர்கள். வாசல் பூட்டிக் கிடந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

உள்ளே போவது ஒரு பாடு என்றால் வெளியே வருவது இன்னொரு பாடு. வரும்போதாவது சிலர் நாலு மணிக்கு, சிலர் ஆறு மணிக்கு என்று வருகிறார்கள். போகும்போது அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் எழுந்து நிற்பார்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. சாதாரண நாளில் 11 மணியோடு மெட்ரோவும் முடிந்து விடும். நடுவில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம்.