சிவில் படிச்சவர் போட்ட தெரு!

‘சிவில் எடுத்தா காலம்பூரா சைட்ல வெயில் காயணும்’னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்களா? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான்.

வெர்ஜில் அப்லோ. கானாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பம். அம்மா தையல் வேலை செய்தவர். பையன் படிச்சது நம்ம ஜாதி... சிவில் இன்ஜினீயரிங்! அப்புறம் ஆர்க்கிடெக்சர். 2018-ல் பாரீஸின் லூயி விட்டான் கம்பெனி, ஆண்கள் உடைப் பிரிவையே அவர் கையில் கொடுத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். 2019 ஜனவரியில், அந்த வருஷக் குளிர்காலத்துக்கான கலெக்‌ஷன். இடம், பாரீஸின் த்யூலரீ தோட்டம். உள்ளே போனா... நியூயார்க்! நடைபாதை, கடை முகப்பு, தெருவோரக் குப்பை, எல்லாமே செட். ஷோ நடக்கும்போதே ஓவியர்கள் சுவரில் ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டிருந்தாங்க. மாடல்கள் கேட்வாக் பண்ணலை, ஏதோ ஆபீஸுக்கோ டீ குடிக்கவோ கிளம்பின மாதிரி தெருவில் நடந்தாங்க. சாம்பல் கலர் சூட்டு, அதுவும் தொளதொளன்னு. சில உடைகளில் பல நாட்டுக் கொடிகளை ஒட்டுப்போட்டு வெச்சிருந்தார். ஊர் ஊராக வந்தவங்க சேர்ந்ததுதானே நகரம்? அந்த ஐடியாவை ஒரே கோட்டில் தைச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஆனா, அது நிஜத் தெரு இல்லை. மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ வீடியோவில் வர்ற தெரு. 1983-ல் அது வந்தப்ப அப்லோவுக்கு ரெண்டு வயசு. ஷோவுக்கு அழைப்பிதழே ஒத்தைக் கை க்ளவுஸ்தான், ஜிகினா பளபளக்க!

அடுத்த வாரமே வெடிச்சது. சின்ன வயசில் ஜாக்சன் தங்களிடம் பாலியல் கொடுமை செய்ததாக ரெண்டு பேர் பேசிய ‘லீவிங் நெவர்லேண்ட்’ டாகுமென்டரி திரையிடப்பட்டது. ஜாக்சன் தரப்பு மறுத்தது. மார்ச்சில், ஜாக்சன் சம்பந்தப்பட்ட எதையும் தயாரிக்கப்போவதில்லைன்னு கம்பெனி அறிவிச்சது. ஷோ நடந்தப்ப அந்தப் படம் பற்றித் தெரியாதுன்னு சொன்ன அப்லோ, குழந்தைகளுக்கு எதிரான எந்தக் கொடுமையையும் கண்டிப்பதாகவும் சொன்னார்.

படம் தெரியாது, ஓகே. ஆனா புகார்? 1993-லயே முதல் புகார் கிளம்பியாச்சு. 2005-ல் இன்னொரு வழக்கில் கோர்ட் ஜாக்சனை விடுதலை செய்ததும் ஊரறிஞ்ச கதை. கட்டறதுக்கு முன்னாடி சாயில் டெஸ்ட் எடுக்கணும்னு ரெண்டாவது வருஷத்திலேயே எங்க மண்டையில் ஏத்திடுறாங்க. சிவில் படிச்ச மனுஷன் அதை விட்டுட்டாரேன்னுதான் என் வருத்தம்.

அப்லோ 2021 நவம்பரில், 41 வயசில், கேன்சரில் இறந்துட்டார். ஷோவில் வந்த ஒரு டி-ஷர்ட்டில் கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸோட நுனிக்காலில் நிக்கிற ரெண்டு கால் மட்டும் இருக்கும். முகமே கிடையாது. ஆனாலும் யார்னு பார்த்ததும் சொல்லிடலாம். அது கடைக்கு வரவே இல்லை. கொடி கோட்டை மட்டும் நான் இன்னும் அப்பப்ப ஜூம் பண்ணிப் பார்க்கிறேன்.