தட்டைப் பாதமும் கறுப்புப் பூட்ஸும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட பிரதேசம் முப்பது வருஷத்திற்குள் அடையாளந் தெரியாதபடி மாறிவிட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இன்று மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸான் ஆலையும் வேலை தொடங்கின. இவ்வாலைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல, வயிற்றைக் கட்டியாவது தம் குழந்தைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்க்கின்றன. அங்கே நான்கு வயதுக் குழந்தையும் காலுறை மாட்டி, முன்புறம் மூடிய கறுப்புப் பூட்ஸ் அணிந்து வரவேண்டுமென்பது பெரும்பாலும் விதியாக இருக்கிறது. சித்திரை வெயிலில் இந்த வேஷம் யாருடைய கண்ணுக்காகவென்று நாம் வியந்ததுண்டு. வேஷத்தை விட்டுப் பாதத்தை மட்டும் இங்கே கவனிப்போம்.

குழந்தையின் உள்ளங்கால் வளைவின்றித் தரையோடு படிந்திருப்பதைக் கண்டு தாய் தந்தையர் கலங்குகின்றனர். கலக்கமுள்ள இடத்தை வியாபாரம் தேடி வரும். வளைவுதாங்கி வைத்த பூட்ஸ் வேண்டுமென்று ஒருவர் சொல்ல, கடன்பட்டேனும் அதை வாங்குகிறார்கள். கால் வளர வளர அது சிறுத்துப்போக, மீண்டும் வாங்குகிறார்கள். இச்செலவு அவசியந்தானா?

சிசுவின் பாதத்தில் கொழுப்புத் திரண்டிருப்பதாலும், மூட்டு நாண்கள் தளர்ந்திருப்பதாலும், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் முதலில் பாதம் தட்டையாகவே தோன்றும். பத்து வயதிற்குள் வளைவு சிறிது சிறிதாக உருவாகிறது. சோதனை மிக எளிது. குழந்தையை நுனிக்காலில் நிற்கச் செய்து பின்னாலிருந்து பார்க்க வேண்டும். அப்போது வளைவு தோன்றிக் குதிகாலும் உட்புறமாகத் திரும்புமாயின், அது நெகிழ்ந்த தட்டைப் பாதம். நிற்கையில் கட்டை விரலை மேலே தூக்கினாலும் வளைவு எழும். இத்தகைய பாதத்தில் வலியில்லையேல் சிகிச்சையும் வேண்டியதில்லை. 1989-ல் வெங்கர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சான்று. விசேஷ பூட்ஸோ உள்தகடோ அணிந்த சிறு குழந்தைகளையும், ஒன்றும் அணியாத குழந்தைகளையும் மூன்று வருஷத்திற்குக் குறையாமல் அவர்கள் கவனித்தார்கள். எல்லோருக்கும் வளைவு ஒன்றுபோலவே விருத்தியடைந்தது.

இதைவிட நமக்கு நெருங்கிய சான்று நம் நாட்டிலேயே உண்டு. கன்னட தேசத்துக் கஸ்தூர்பா வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோஸப் என்ற இரு நிபுணர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பதிந்து, 1992-ல் முடிவை வெளியிட்டனர். பூட்ஸ் அணிவோரில் 100-க்கு 8.6 பேருக்கும், வெறுங்காலுடன் நடப்போரில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. முன்புறம் மூடிய பூட்ஸே மற்றெல்லாக் காலணிகளையும்விடக் கெடுதலாக இருந்தது. 1995-ல் சச்சிதானந்தமும் ஜோஸப்பும் வளர்ந்தோர் 1,846 பேரைச் சோதித்தபோதும் இதே போக்குத் தென்பட்டது. ஆறு வயதிற்கு முன் பூட்ஸ் அணியத் தொடங்கியோரில் 100-க்கு 3.24 பேருக்கும், பதினாறு வயதில் தொடங்கியோரில் 1.75 பேருக்கும் இக்குறை இருந்தது. வித்தியாசம் மலையளவன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் வளைவு உருவாகும் பருவத்திலேயே பாதத்தைச் சிறையிட்டு, பிறகு அதற்கு வைத்தியம் தேடி அலைவது என்ன விவேகம்?

குழந்தைகளை ஒரகடச் சாலையில் வெறுங்காலுடன் அனுப்புங்களென்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். கொக்கிப்புழுவும் முள்ளும் கண்ணாடிச் சில்லும் உள்ள ஊரில் அது புத்தியாகாது. விரல் அசைய இடங்கொடுக்கும் செருப்பு வெளியிலும், வெறுங்கால் வீட்டிலும் வகுப்பறையிலும் போதும்.

அசட்டை செய்யக் கூடாத பாதமும் உண்டு. நுனிக்காலில் நின்றும் வளைவு எழாத விறைத்த பாதம், ஒரு காலில் மட்டும் காணும் தட்டை, அடிக்கடி சுளுக்கு, ஆடியபின் நொண்டுதல், இவை எட்டு வயதிற்கு மேல் தோன்றினால் பாத எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குச் சில வாரம் மாவுக்கட்டும், சிலருக்குச் சஸ்திர சிகிச்சையும் தேவைப்படும். குதிகால் நரம்பு இறுகி வலியெடுப்போருக்கு அதை நீட்டும் பயிற்சி பலன் தரும். வலியுள்ளோருக்கு உள்தகடும் ஆறுதலளிக்கும். கபடி ஆடிய பையன் நொண்டி வந்தால் "சோம்பேறி" என்று அதட்டிவிடுவது நம் வழக்கம். இந்த வழக்கத்தால் காலங்கடந்து வைத்தியரிடம் வந்தவர் எத்தனை பேரோ!

ராணுவத் தேர்வுக்குப் பயிலும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. நுனிக்காலில் நிற்கையில் வளைவு திரும்பத் தோன்றி, வலியின்றி நன்றாக ஓடக்கூடுமானால், அத்தகைய பாதத்தை நம் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வைத்திய விதிகளே அங்கீகரிக்கின்றன. அவர்களும் வீண் பீதியால் பூட்ஸ் வியாபாரியிடம் பணத்தை இழக்க வேண்டியதில்லை.

2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தின் வைத்தியக் குழுக்கள் சர்க்கார் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதித்து வருகின்றன. பிறவியிலேயே திரும்பிய பாதத்தைக் கண்டுபிடிப்பது அவற்றின் கடமைகளில் ஒன்று. அதனுடன் நுனிக்கால் சோதனையையும் சேர்ப்பதற்கு ஒரு குழந்தைக்கு அரை நிமிஷம் பிடிக்கும். கருவி எதுவும் வேண்டாம். காஞ்சீபுரம் ஜில்லா அதிகாரிகள் இதை உடனே செய்விக்க வேண்டும். தனியார் பள்ளிகளின் நிர்வாகிகள், முதல் வகுப்பு முடியும் வரையிலாவது பூட்ஸ் கட்டாயத்தை வரும் ஜூன் மாதத்திற்குள் எடுத்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் தாமே முன்வராவிடில், பெற்றோர் சங்கங்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றி அவர்களிடம் நேரில் கொடுக்கட்டும்.